கொள்ளிடத் திட்டில் பறவையைப் பார்த்தவர்கள்

புதிதாக நிருபர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தரக்கூடியது அதிகம் இல்லை. செய்தி எழுதுவது எப்படி என்று அலுவலகத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். அதைக் கைபேசியிலேயே படத்தோடு அனுப்புவது எப்படி என்று நீங்கள்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ரகசியம் இது. கண்ணால் பார்த்தேன் என்று வருகிறவரிடம் முதலில் "எங்க நின்னீங்க?" என்று கேளுங்கள். "என்ன பாத்தீங்க?" என்பதை அப்புறம் கேட்கலாம்.

இதுவும் என் சொந்தச் சரக்கு இல்லை. தஞ்சாவூர் அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த தலைமை நிருபர் சொன்னது. நான் சேர்ந்த புதிதில் மன்னார்குடிப் பக்கம் ஒரு பேருந்து வாய்க்காலில் கவிழ்ந்தது. டிரைவர் குடித்திருந்தார், ஒரு கையால் ஓட்டினார், சிரித்துக்கொண்டே வந்தார் என்று ஒருவர் அப்படியே நடித்துக் காட்டினார். எழுதிக்கொண்டு பெருமையாக வந்து மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "இந்த ஆளு எங்க நின்னுக்கிட்டு பாத்தாரு?" என்று கேட்டார். நான் கேட்கவில்லை. அடுத்த பேருந்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார். போய்க் கேட்டால், மனிதர் கடைத்தெருவில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தாராம். முகமெல்லாம் சோப்பு. டிரைவர் வாழ்நாளில் குடிக்காதவர் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என் வாயில் ஒட்டிக்கொண்டது.

எத்தனையோ பேரை அந்தக் கேள்வியால் மடக்கியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரே ஒரு முறை மட்டும், இதைக் கேட்கத் தெரியாதவனாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை.

அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடம் அகலமாகப் போகிற இடத்தில், ஆற்றுக்கு நடுவே சில திட்டுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அப்படி ஒரு திட்டு. கத்தரி, வாழை, கொஞ்சம் மல்லிகை, நிறைய ஆடுகள். அந்தக் காலத்தில் கரையிலிருந்த பண்ணைகளில் கூலிக்கு இருந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று அங்கே சொந்தப் பட்டா வைத்துப் பயிர் செய்கிறார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் எல்லாவற்றுக்கும் படகில்தான் கரைக்கு வர வேண்டும். வெள்ளம் வரும்போது அதிகாரிகள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, கரைக்கு வந்துவிடுங்கள் என்று கத்துவார்கள். ஆட்டை விட்டுவிட்டு வர முடியாது என்று இவர்கள் அங்கேயே இருப்பார்கள். வருஷா வருஷம் நாம் எழுதுகிற செய்திதான்.

அந்தத் திட்டில் ஒரு பழைய கதை உண்டு. கிழக்கு முனையில் ஆள் போகாத நாணல் காட்டில் அண்டரண்டப் பட்சி இருக்கிறதாம். புதுவெள்ளம் வரும்போது கிளம்புமாம். கன்றுக்குட்டியைக்கூடக் காலில் இடுக்கிக்கொண்டு போய்விடுமாம். அங்கே பிறந்த எல்லோரும் இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே சோறு தின்றவர்கள். ஆற்றுத்துறைக்குத் தனியாகப் போனால் பட்சி தூக்கிவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைப்பார்கள். நாலு பக்கமும் தண்ணீர் உள்ள ஊருக்கு வேலி போட முடியாது. அதற்குப் பதிலாக ஒரு பறவையை வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் மேட்டூர் நிரம்பி, உபரித் தண்ணீரையெல்லாம் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டார்கள். ஒருநாள் பிற்பகல் அந்தத் திட்டில் மூன்று வயதுப் பையன் ஒருவன் காணாமல் போனான். பெயர் சரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய அக்கா அபிநயா எட்டு வயதுக்காரி. இரண்டு பேரும் துறைக்குப் போயிருந்தார்கள், அவள் மட்டும் திரும்பினாள். பையனை ராட்சதப் பறவை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று ஊரே சொன்னது. மறுநாள் காலையில் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் ஒரு வீடியோ வந்துவிட்டது. மேகத்துக்குக் கீழே ஏதோ ஒரு பெரிய பறவை, கூழைக்கடாவோ என்னவோ, தன் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் யாரோ அழுகைச் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள்.

செய்தி ஆசிரியர் போன் செய்தார். கண்ணால் பார்த்தவர்களின் பேட்டி முழுசாக வேண்டும், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். நம்பி எழுதவும் வேண்டாம், கேலியாக எழுதவும் வேண்டாம், விற்கிற மாதிரி எழுதுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது அவர் வேலை.

தீயணைப்புத் துறையினர் முதல் நாளே வந்து தேடிவிட்டு, இழுப்பு அதிகமாக இருந்ததால் கரைக்குத் திரும்பியிருந்தார்கள். என்னைத் திட்டுக்கு ஏற்றிப்போனவர் கலியபெருமாள் என்ற படகுக்காரர். ஐம்பது வயதிருக்கும். துடுப்பு போட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். நீங்கள் பறவையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். எங்கே நின்றீர்கள் என்றேன். நேற்று அந்த நேரத்தில் நடு ஆற்றில் இதே படகில் இருந்ததாகச் சொன்னார். பையனின் தாய் சுமதியும் கரையில் நடவு முடித்துவிட்டு இதே படகில்தான் வந்துகொண்டிருந்தாளாம். முதலில் பார்த்தது அவள், அவளுக்கு அடுத்துத் தான் பார்த்ததாகச் சொன்னார். நடு ஆற்றிலிருந்து துறை நன்றாகத் தெரியும். அதை நானே பார்த்துக்கொண்டேன். என் கேள்வி அந்த இடத்தில் அவரை ஒன்றும் செய்யவில்லை.

திட்டில் இறங்கி ஒவ்வொருவராகக் கேட்டேன். டீக்கடை ராணி அம்மா, கரேலென்று இருந்தது, இறக்கையை விரித்தால் தன் கடைக் கூரை அகலம் இருக்கும் என்றார். எங்கே நின்றார் என்றால், அடுப்பங்கரையில். அங்கிருந்து துறையின் பக்கம்கூடத் தெரியாது. கத்தரித் தோட்டத்துக்காரர் ஒருவர், சுத்த வெள்ளை, மூக்கு அரிவாள் போல வளைந்திருந்தது என்றார். அவருடைய தோட்டத்துக்கும் துறைக்கும் நடுவில் அடர்ந்த வாழைத்தோப்பு. தபால் கொடுக்கிறவர் படித்தவர், நிதானமாகப் பேசினார். பழுப்பு நிறம், கத்தினால் ரைஸ்மில் சத்தம் போல இருந்தது என்றார். நீங்கள் எங்கே நின்றீர்கள் என்றேன். திருதிருவென்று விழித்தார். அன்றைக்கு அவர் தன் தாயாரைக் கும்பகோணத்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருந்தார் என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள். அவர் முகம் சிவந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. "இருந்தாலும் பாத்தேன் சார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது. இன்றைக்கு நல்ல வேட்டை என்று நினைத்தேன். ராணி அம்மா கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு, யார் என்ன சொன்னார்கள் என்று மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். ஒருவருக்குக் கருப்பு, ஒருவருக்கு வெள்ளை. ஒருவருக்கு நீளக் கழுத்து, ஒருவருக்குக் கழுத்தே கிடையாது. வடக்கே போனது என்று ஒருவர், கிழக்கே போனது என்று ஒருவர். எதிலும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை. ஆனால் பேசிய எல்லோரும், நான் கேட்காமலே, கடைசியில் ஒரே வார்த்தையில் வந்து முடித்திருந்தார்கள். அந்தப் பொண்ணு தம்பி கையை விடவே இல்லை, பறவைதான் பிடுங்கிக்கொண்டு போனது.

டீ கையிலேயே ஆறிப்போனது. அவர்கள் யாரும் என்னிடம் பறவையைப் பற்றிச் சாட்சி சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் கையைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எழுந்து ஆற்றோரமாகக் கிழக்கே நடந்தேன். ஆறு வளைகிற இடத்தில் திட்டின் ஆண்கள் பாதிப்பேர் தண்ணீரில் நின்றார்கள். இடுப்பில் கயிறு கட்டி, பெரிய வலையை இறக்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பறவை என்று சொன்ன கத்தரித் தோட்டத்துக்காரரும் அங்கே இருந்தார். அந்த வெள்ளத்தில், அந்தச் சுழலில், எவனும் மீனுக்காக இறங்க மாட்டான். வலை மேலே வந்தது. மீன்கள் துள்ளின. ஒருவரும் அவற்றைத் தொடவில்லை. வலையை உதறி, மறுபடியும் தண்ணீரில் இறக்கினார்கள்.

கரையில் கயிற்றைப் பிடித்திருந்தவரிடம், மீன் கிடைக்கிறதா என்று கேட்டேன். அவர் காலடியில் ஒரு கெண்டை துடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் கிடைக்கலீங்க" என்றார்.

கழுத்தளவு தண்ணீரில் எல்லோருக்கும் முன்னால் நின்றவன்தான் தகப்பன், செல்வம். அவன் யாரோடும் பேசவில்லை என்றார்கள். நேற்றிலிருந்து மகள் பக்கம் திரும்பவும் இல்லையாம். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வாயால் பறவை என்றும் கையால் ஆற்றையே சலித்துக்கொண்டும் இருந்த அந்த ஊரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுமதி வாசலில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நடவுச் சேறு பாதத்தில் அப்படியே காய்ந்திருந்தது. நான் அவளிடம் எங்கே நின்றாய் என்று கேட்கவில்லை. வலை போடுகிற இடத்திலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் தானாகச் சொன்னாள்.

படகு நடு ஆற்றைத் தாண்டியபோது அவள் துறையைப் பார்த்திருக்கிறாள். மகள் இடுப்பளவு தண்ணீரில் தனியாக நின்றாள், கையில் குடம். பையன் இல்லை. கலியபெருமாளும் பார்த்துவிட்டார். அதற்குள் படகிலிருந்து இவர்கள் போட்ட சத்தம் கேட்டுச் செல்வம் துறைக்கு ஓடிவந்து, மகளின் தலைமயிரைப் பிடித்து, தம்பியை எங்கே விட்டாய் என்று உலுக்கினான். அவனுக்குப் பல வருஷம் கோயில் கோயிலாகப் போய்ப் பிறந்த பிள்ளை. வெறி பிடித்தவன் போல அந்தப் பெண்ணைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கினானாம். படகு இன்னும் கரையைத் தொடவில்லை. கூவினாலும் கை எட்டாத தூரம். சுமதி வாயில் அந்த நேரத்தில் வந்தது பட்சிதான். அவளை விடு, நான் பார்த்தேன், பட்சி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று கத்தினாள். செல்வம் திரும்பிப் பார்த்தான். பின்னால் இருந்து கலியபெருமாள், நானும் பார்த்தேன் என்றார். அவன் கை தளர்ந்தது. சாயங்காலத்துக்குள் ஊரில் ஒவ்வொருவராக வந்து, தாங்களும் பார்த்ததாகச் செல்வத்திடம் சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஒண்ணு போயிடுச்சு சார்" என்றாள் சுமதி. "நீங்க உள்ளத எழுதுனா, இன்னொண்ணையும் நானே ஆத்துல விட்ட மாதிரிதான்."

அவள் என்னைக் கெஞ்சவில்லை. சொல்லிவிட்டு, காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் செய்தி ஆசிரியர் அழைத்தார். கரையில் டிவிக்காரர்கள் வண்டி வந்துவிட்டதாம், அவர்கள் படகு தேடுகிறார்களாம், நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றார். தள்ளிப் போய் நின்று, பறவையும் இல்லை ஒன்றும் இல்லை, ஆற்றில் போன பிள்ளை என்று சொன்னேன். எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஊர் ஏன் அப்படிச் சொல்கிறது என்று கேட்டார். நான் ஒரு நொடி தயங்கியதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவர் கெட்டிக்காரர். அக்கா கூட இருந்தாள் அல்லவா என்றார். அப்படியானால் இது பறவையைவிட நல்ல கதை, ஒரு கிராமமே சேர்ந்து பொய் சொல்கிறது, முதல் பக்கம் தருகிறேன் என்றார். பையன் கிடைக்கட்டும், பிறகு பேசலாம் என்று போனை வைத்தேன். இளம் நண்பர்களே, முதல் பக்கம் என்ற சொல் காதில் விழும்போது உங்களுக்குள்ளே ஒன்று குதிக்கும். எனக்கும் குதித்தது. அத்தனை வயதிலும், அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோதும் குதித்தது. அது குதிக்கும்போது எழுத உட்காராதீர்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டகை. அதன் ஓரத்தில் அபிநயா உட்கார்ந்திருந்தாள். நான் போனில் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடச் சட்டையில் இருந்தாள். ஒரு ஆட்டுக்குட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள், அது திமிறிக்கொண்டிருந்தது. நீங்கள் பேப்பரில் எழுதுகிறவரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எல்லோரும் என்ன சொன்னார்கள் என்றாள். நீ தம்பி கையை விடவே இல்லை என்று சொன்னார்கள் என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"நான்தான் விட்டேன்" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னாள். தண்ணீர் மொள்ளும்போது குடம் நழுவி மிதந்து போனது. அது புதுக் குடம். தொலைத்தால் அம்மா திட்டும் என்று, ஒரு எட்டுத்தான் என்று, தம்பியின் கையை விட்டுவிட்டு அதைப் பிடிக்கப் போனாள். குடம் கிடைத்தது. திரும்பினால் அவன் நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை என்றாள். அதைத்தான் அவளால் புரிந்துகொள்ள முடியவில்லை. அவன் எப்போதும் எதற்கெடுத்தாலும் கத்துவானாம், அன்றைக்கு ஏன் கத்தவில்லை என்று என்னிடம் கேட்டாள்.

இதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன்.

"அம்மாட்ட சொன்னேன். வாயப் பொத்திடுச்சு. கலியபெருமா மாமாட்ட சொன்னேன். அவரும் அப்புடிப் பேசக்கூடாதுன்னுட்டாரு. எல்லாரும் பறவையப் பாத்தேங்கிறாங்க. நான் மட்டும்தான் பாக்கல."

ஊர் முழுக்கச் சாட்சி சொன்ன அந்தப் பறவையை, அது வந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் நின்ற ஒரே ஆள் பார்க்கவில்லை. பறவை வந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இதை எழுதுவீர்களா என்று கேட்டாள். எழுத மாட்டேன் என்றேன். அவள் முகம் தெளிவடையும் என்று எதிர்பார்த்தேன். வாடிப்போனது. அப்படியானால் யாருக்கும் தெரியாதா என்றாள். எனக்குத் தெரியுமே அம்மா, நான் கேட்டுக்கொண்டேன் என்றேன். அது அவளுக்குக் கொஞ்சம் போதுமானதாக இருந்தது என்று நினைக்கிறேன். ஆட்டுக்குட்டியை மடியிலிருந்து இறக்கிவிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வலையில் பையன் கிடைத்தான். அதைப் பற்றி நான் எழுத மாட்டேன். பட்சி தூக்கிப்போய் ஆற்றில் போட்டுவிட்டது என்று கரையில் நின்ற யாரோ உடனே சொன்னார்கள். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். செல்வம் எதையும் காதில் வாங்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தூங்குகிறவனைத் தூக்கிப்போவது போல மெதுவாக நடந்தான்.

கரைக்குத் திரும்பும்போது கலியபெருமாள் நடு ஆற்றில் துடுப்பை நிறுத்தினார். படகு இழுப்பில் பக்கவாட்டில் போக ஆரம்பித்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"பறவை இருக்குன்னும் போடாதீங்க சார்" என்றார். "இல்லைன்னும் போடாதீங்க."

நான் அனுப்பியது மிகச் சின்னச் செய்தி. கொள்ளிடம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட மூன்று வயதுக் குழந்தையின் உடல் மீட்பு, துறையில் நின்றபோது தவறி விழுந்தான், போலீசார் விசாரணை. அவ்வளவுதான். பறவை இல்லை, அக்கா இல்லை. செய்தி ஆசிரியர் கத்திய கத்தலை இங்கே எழுதினால் இதை அச்சிட மாட்டார்கள். இன்னொரு பத்திரிகையில் மறுநாள் பெரிய இறக்கையோடு படம் வந்தது. எனக்கு மெமோ வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். இதுவரை நான் செய்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. எட்டு வயதுக் குழந்தையின் பெயரைச் செய்தியிலிருந்து எடுத்ததற்காக எந்த ஆசிரியரிடமும் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். இனிச் சொல்லப்போவதில்தான் எனக்குச் சந்தேகம். இதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து பையனைக் கொண்டுவந்து திட்டிலேயே மண்ணில் வைத்தார்கள். நானும் போனேன். எனக்கு அங்கே செய்தி எதுவும் இல்லை. போகாமல் இருக்க முடியவில்லை, அதனால் போனேன். எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்து ஆண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கலியபெருமாள் கரையிலிருந்து கொண்டுவந்த எங்கள் பத்திரிகை செல்வத்தின் பக்கத்தில் கிடந்தது. அவன் என்னை அருகில் கூப்பிட்டான். இரண்டு நாளாகப் பேசாத தொண்டை, கரகரவென்று இருந்தது.

செய்தியைப் படித்ததாகச் சொன்னான். எல்லாம் போட்டிருக்கிறீர்கள், ஊர் போட்டிருக்கிறீர்கள், வயசு போட்டிருக்கிறீர்கள், கூட யார் இருந்தார்கள் என்று போடவில்லையே, ஏன் என்று கேட்டான். மறைப்பதற்காக நான் விட்ட இடத்தைத்தான் அவன் முதலில் படித்திருக்கிறான்.

"பறவைய விடுங்க சார்" என்றான். "இவுங்கள்லாம் என் மேல உள்ள பாசத்துல சொல்றாங்க, எனக்குத் தெரியும். நீங்க வெளியூரு. எல்லாரையும் விசாரிச்சிருக்கீங்க. எம் பொண்ணு அவன் கைய விட்டுச்சா? அத மட்டும் சொல்லுங்க."

கதவோரத்தில் சுமதி நின்றாள். அவளுக்குப் பின்னால், அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, அபிநயா. செல்வத்தின் கைகளைப் பார்த்தேன். வலைக்கயிறு அறுத்து உள்ளங்கை முழுவதும் புண்ணாக இருந்தது. அந்தக் கைகள் மறுபடியும் அந்தப் பெண்ணைப் பிடித்து அமுக்குமா, அணைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. நீங்கள் ஒரு செய்தியை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசிக்கலாம். எதிரில் இருக்கிற மனிதன் கேட்கும்போது யோசித்தாலே அது பதிலாகிவிடும்.

"விடலங்க" என்றேன். "கடைசி வரைக்கும் பிடிச்சிருந்துச்சு."

செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. இரண்டு நாளில் அப்போதுதான் அவன் அழுதான் என்று பிறகு சொன்னார்கள். கையை நீட்டி, வா என்று மகளைக் கூப்பிட்டான். அவள் தயங்கி வந்தாள். இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் புண்ணான கையால் அவள் தலையைத் தடவித் தடவி அழுதான். வாசலில் இருந்த எல்லோரும் அழுதார்கள். தபால்காரர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அழுதேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அந்த நிமிஷம் எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அப்பனின் தோளுக்கு மேலே அபிநயா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் அழவில்லை.

புறப்படும்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்து வழியில் நின்றாள். நான் நின்றேன். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. முந்தைய நாள் அவள் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன், மறக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள். கோபம் எதுவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்.

"நீங்களும் பாத்தீங்களா சார்?"

கலியபெருமாள் படகில் காத்திருந்தார். வாசலில் செல்வம் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தேம்மா" என்றேன்.

அவள் சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு, ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.